எஸ்கியூஎல் பிளஸ்ஸில் உடைந்த வரிகளைச் சரிசெய்தது: என் அனுபவம்

ஆரக்கிள் டேட்டாபேஸில் கட்டளை தட்டித் தகவல் எடுக்கும் கருவி எஸ்கியூஎல் பிளஸ். அதில் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்தேன். ஒருவருடைய விவரமே மூன்று வரியாக உடைந்து விழுந்தது; நடுநடுவே தலைப்பு வேறு. யாருக்கு எந்த ஊர் என்றே பிடிபடவில்லை.

அங்கே இயல்பான வரி அகலம் 80 எழுத்து, பக்கத்துக்கு 14 வரி; ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு திரும்ப வரும். பெயருக்கு 60, ஊருக்கு 60 என்று டேபிளில் அறிவித்திருந்தால், உள்ளே நாலெழுத்தே இருந்தாலும் 60 இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரே வரியில் இரண்டும் எப்படி அடங்கும்?

'செட் லைன்சைஸ் 160', 'செட் பேஜ்சைஸ் 100' கொடுத்தேன். பிறகு 'காலம்' (column, நெடுவரிசை) கட்டளையில் பெயருக்கு 'ஃபார்மட் ஏ20' (20 எழுத்து அகலம்), ஊருக்கு 'ஃபார்மட் ஏ15'. டெர்மினல் ஜன்னலையும் அகலமாக்குங்கள். இல்லாவிட்டால் அதுவே வரியை மடித்துவிடும்.

பெயர் மட்டும் அசையவில்லை. அரை மணி நேரம் போனது. தகவலைக் கேட்கும் குவெரியில் அந்த நெடுவரிசைக்கு மாற்றுப்பெயர் (alias) வைத்திருந்தேன். 'காலம்' கட்டளைக்கு அந்த மாற்றுப்பெயரைத்தான் சொல்ல வேண்டும். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

12 இலக்கக் கணக்கு எண்கள் '1.2346இ+11' என்று சுருக்க வடிவில் வந்தன. எண்களின் இயல்பான அகலம் 10 என்பதால் அப்படி. ஃபார்மட்டில் பன்னிரண்டு 9 போட்டதும் முழு எண் தெரிந்தது. 9 குறைந்தால் வெறும் '####' தான்.

வெளியேறினால் எல்லாம் மறைந்துவிடும். அதனால் இந்தக் கட்டளைகளை, எஸ்கியூஎல் பிளஸ் திறக்கும்போது தானாக இயங்கும் 'லாகின்.எஸ்கியூஎல்' கோப்பில் எழுதி, லினக்ஸில் 'ஆரக்கிள்_பாத்' என்ற சூழல் மாறியில் (environment variable) அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரைக் கொடுத்துவிட்டேன்.