ஆர்மி லாரில பின்னாடி டூயலை எடுத்துட்டு சிங்கிள் போடப்போறீங்களா? இந்த தவறுகளை மட்டும் பண்ணாதீங்க

அமெரிக்க ஆர்மி கழிச்சுவிட்ட எம்35ஏ2, எல்லாரும் டூஸ் அண்ட் ஹாஃப்னு கூப்பிடுற ரெண்டரை டன் லாரி, அதுக்கு முன்னாடி ரெண்டு டயர், பின்னாடி ரெண்டு ஆக்சில்ல எட்டு, மொத்தம் பத்து. பின்னாடி ஜோடி டயரை (டூயல்) கழட்டிட்டு ஒத்தையா (சிங்கிள்) போட்டா ஆறு டயரோட முடிஞ்சிடும். இதுல நியாயம் இருக்கு, நானும் இந்தக் கட்சிதான். முன் டயர் அமுக்கிட்டுப் போன தடத்துலயே பின் டயரும் வரும், சேறு மணல் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது கம்மியாகும், ரெண்டு டயருக்கு நடுவுல கல்லு மாட்டிக்கிட்டு டயரை அறுக்குற தொல்லை போயிடும், புதுசு வாங்குறப்ப பத்துக்குப் பதிலா ஆறு வாங்குனா போதும்.

ஆனா முக்காவாசி பேர் ஆரம்பிக்கிற இடமே தப்பு. போட்டோல ஒரு பெரிய டயரைப் பார்த்து ஆசைப்பட்டு முதல்ல அதை வாங்கிடுறாங்க, அப்புறம் அந்த டயருக்கு ஏத்த மாதிரி வண்டியை வளைக்கப் பார்க்குறாங்க. டயர் கடைசியா வாங்க வேண்டிய சாமான். அதுக்கு முன்னாடி ஒரு டேப்பு, ஒரு எடை மேடை, வண்டியோட சர்வீஸ் புக்கு (இந்த லாரிக்கு டிஎம் 9-2320-361 வரிசை) இந்த மூணும் வேணும்.

டேப்பு எதுக்குன்னா, பின்னாடி ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு பார்க்க. எம்35ஏ2ல சென்டர் டு சென்டர் 48 இன்ச். கம்பெனில வந்த 9.00-20 டயர் சுமார் 40.5 இன்ச் உயரம், அதனால ரெண்டு டயருக்கும் நடுவுல ஏழரை இன்ச் காலியா இருக்கும். 11.00ஆர்20 போட்டா உயரம் 43 கிட்ட வரும், இடைவெளி அஞ்சு இன்ச், பிரச்சனையே இல்ல. 395/85ஆர்20 போட்டா 46.5 கிட்ட, அப்ப மிஞ்சுறது ஒன்றரை இன்ச்தான். 14.00ஆர்20 போட்டா டயர் உயரமே 48 இன்ச்சைத் தாண்டிடும், அதாவது பின்னாடி இருக்கிற ரெண்டு ஆக்சிலோட டயரும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காரும், மாட்டவே முடியாது. இது தெரியாம ஆறு டயரை இறக்கி வச்சுட்டு முழிக்கிறவங்க இருக்காங்க. எம்939ஏ2 அஞ்சு டன் லாரில 14.00ஆர்20 சிங்கிளா இருக்கிறதைப் பார்த்துட்டு நம்ம வண்டிக்கும் ஆகும்னு நினைச்சுடுறாங்க, அது வேற வண்டி, வேற ஆக்சில், வீல் போல்ட்டே அதுல பத்து, எம்35ல ஆறு.

அந்த ஒன்றரை இன்ச் இருக்கே, அதை நான் கிட்ட உட்கார்ந்து பார்த்திருக்கேன். சமமான சிமெண்ட் தரைல நிக்கிறப்ப ரெண்டு விரல் போகுது, மூணாவது விரல் போகல. டார்க் ராடு (ஆக்சிலை அதோட இடத்துல பிடிச்சு வைக்கிற கம்பி) புஷ் தேய்ஞ்ச வண்டியா இருந்தா பிரேக் அடிக்கும்போது ஆக்சில் முன்னயும் பின்னயும் அசையும், அப்ப அந்த ரெண்டு விரல் இடமும் இருக்காது. சேறு பனிக்கு டயர் மேல சுத்துற செயினை மாட்டவே முடியாது, ஒரு முட்டைக் கல்லு போய் மாட்டுனா எடுக்க ஜாக்கி போடணும். 395 போடுறதுன்னு முடிவு பண்ணா முதல்ல அந்த புஷ்ஷை மாத்துங்க, அப்புறம் டயரைப் பாருங்க.

அடுத்தது லோடு. டூயல்ல எட்டு டயர் தாங்குனதை இனிமே நாலு டயர் தாங்கணும், ஒவ்வொரு டயருக்கும் பாரம் நேரா ரெண்டு மடங்கு. எம்35ஏ2 காலியாவே 13,000 பவுண்டு கிட்ட, அதாவது 5,900 கிலோ, ரோட்டுல ஏத்தலாம்னு சொன்ன சரக்கு 10,000 பவுண்டு, காட்டுப் பாதைல 5,000. ஏத்துற சரக்கு பெரும்பாலும் பின் ஆக்சில்லதான் போய் உட்காரும். "முன்னாடி அதே டயர் சிங்கிளாதானே ஓடுது, பின்னாடி ஓடாதா"ன்னு கேக்குறாங்க. முன்னாடி இருக்கிறது இன்ஜினும் கேபினும், அதோட எடை மாறாது, பின்னாடி நீங்க ஏத்துறதைப் பொறுத்து மாறும். எடை மேடைல முன் ஆக்சில் தனியா, பின் ரெண்டு ஆக்சில் தனியா, நீங்க வழக்கமா ஏத்துற அதிகபட்ச சரக்கோட எடை போடுங்க. பின்பக்கம் 7,000 கிலோ வந்துச்சுன்னா ஒரு டயருக்கு 1,750. இடது வலது சரியா சமமா இருக்காது, சரிவுல ஒரு பக்கமா சாயும், அதனால கணக்குக்கு மேல நல்லா மிச்சம் வச்சுத்தான் டயர் எடுக்கணும்.

டயர் சைடுல 160/157 மாதிரி ரெண்டு நம்பர் இருக்கும். முதல் நம்பர் சிங்கிளுக்கு, ரெண்டாவது டூயலுக்கு. 160னா 4,500 கிலோ, 157னா 4,125, 150னா 3,350. ஆனா அந்த கிலோ முழு காத்து இருந்தாத்தான், காத்தை இறக்கி மெத்துன்னு ஓட்டணும்னா தாங்குற எடையும் இறங்கும். அந்த டயர் கம்பெனியோட காத்து அட்டவணையைப் பார்த்து உங்க எடைக்கு எவ்வளவு காத்துன்னு எடுங்க, பழைய டயருக்கு வச்ச காத்தையே புது டயருக்கும் வைக்காதீங்க. கூடவே டயர் சைடுல டிஓடின்னு ஆரம்பிக்கிற தயாரிப்பு நம்பர்ல கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்க, முதல் ரெண்டும் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். ஆர்மி டயர் பட்டன் தேயாம புதுசு மாதிரியே இருக்கும், ஆனா பத்து பதினஞ்சு வருஷம் வெயில்ல கிடந்து சைடுல விரிசல் விட்டிருக்கும். டூயல்ல ஒண்ணு வெடிச்சா பக்கத்து டயர் கொஞ்ச தூரமாவது தாங்கும், சிங்கிள்ல அந்தத் துணை கிடையாது.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம், டயர் எந்தக் கோட்டுல உட்காருதுங்கிறது. டூயல் வீல்ல ரெண்டு ரிம்மும் முதுகோட முதுகு ஒட்டி நிக்குது, ஒரு டயர் உள்ள, ஒரு டயர் வெளிய, பாரத்தோட நடுக்கோடு ரெண்டுக்கும் நடுவுல, பேரிங்குக்கு மேல விழற மாதிரி ஹப்பை (ரிம் மாட்டுற நடுத் துண்டு) வடிவமைச்சிருக்காங்க. அதுல ஒரு ரிம்மை எடுத்துட்டா மிச்சம் இருக்கிற டயர் அந்தக் கோட்டுல இருந்து ஒரு பக்கமா ஏறக்குறைய அஞ்சு இன்ச் தள்ளி நிக்கும். ரிம்மோட குழி உள்ள பார்க்க மாட்டுனா டயர் உள்ள போகும், முன் டயர் தடத்தை விட குறுகலாகும், இந்த உயரமான லாரிக்கு நிக்கிற அகலமும் குறையும். திருப்பி மாட்டுனா டயர் வெளிய போய் நிக்கும், பாக்க கம்பீரமா இருக்கும், ஆனா வெளிப் பேரிங்குல நெம்புகோல் மாதிரி பாரம் ஏறும், தடமும் முன் டயரோட சேராது, எதுக்காக சிங்கிள் போட்டோமோ அந்தப் பலனே போயிடும்.

இதுக்குத்தான் ஹப்பை டிரம்ல இருந்து பிரிச்சுத் திருப்பிப் போடுறாங்க. நல்ல வேலைதான், ஆனா அதை அரை நாள் வேலைன்னு நினைக்கிறது தப்பு. ஸ்டட் எல்லாம் அடிச்சு எடுக்கணும், சீல் புதுசு போடணும், பேரிங்கைக் கழுவி கிரீஸ் வச்சு புக்குல சொன்ன மாதிரி டைட் செட் பண்ணணும். டிரம் எப்படியும் வெளிய வந்துட்டதால வீல் சிலிண்டர் கசியுதான்னும் பார்த்துடுங்க. ஹப்பைத் தொட மனசில்லன்னா சரியான ஆஃப்செட்ல (டயர் நடுக்கோட்டுல வந்து நிக்கிற மாதிரி) செஞ்ச ரிம் வாங்குங்க. ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல வைக்கிற தட்டு) வச்சு சமாளிக்காதீங்க. அகலமான டயரையும் யோசிங்க, 395 மில்லின்னா பதினஞ்சரை இன்ச், பழைய டயரை விட உள்பக்கம் மட்டும் ரெண்டரை இன்ச் கூட வரும், லீஃப் ஸ்பிரிங்ல உரசும். பழைய ஏழரை இன்ச் ரிம்முல அதை ஏத்தவும் கூடாது, அதுக்கு அகல ரிம் வேணும். அமெரிக்க ஹைவேல வண்டி அகலம் 102 இன்ச்சுக்குள்ள இருக்கணும், வெளிய தள்ளி மாட்டுறவங்க அதையும் அளந்துக்கோங்க.

முன் டயரும் பின் டயரும் ஒரே சைஸா இருக்கணும், ஆறும் ஒரே மாதிரி. பின்னாடி மட்டும் மாத்திட்டு முன்னாடி அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க. பழைய ஸ்பிராக் டிரான்ஸ்ஃபர் கேஸ் (பின் டயர் வழுக்குனா முன் ஆக்சிலுக்கும் தானா சக்தி கொடுக்கிற கியர் பெட்டி) இருக்கிற வண்டில முன் டயர் பெருசா இருந்தா முன் ஆக்சில் எப்பவும் பிடிச்சுக்கிட்டே ஓடும், தார் ரோட்டுல கியர் எல்லாம் முறுக்கிக்கும். முன் டயர் சின்னதா இருந்தா தேவைப்படும்போது பிடிக்காது. ஏர் ஷிஃப்ட் (காத்தால முன் ஆக்சிலைச் சேர்க்கிறது) உள்ள வண்டில சுவிட்ச் போட்டதும் அதே முறுக்குதான். நைலான் டயரும் ரேடியலும் கலக்காதீங்க. 9.00-20ல இருந்த டியூபை 11.00ஆர்20க்குள்ள திணிக்காதீங்க, ரேடியலுக்குன்னு உள்ள டியூபும் ஃபிளாப்பும் புதுசா வாங்கணும்.

பிரேக்கை யாருமே யோசிக்கிறதில்ல. டிரம் அதே டிரம், டயர் மட்டும் பெருசாச்சு. 40.5ல இருந்து 46.5க்குப் போனா தரைல கிடைக்கிற பிரேக் பிடி சுமார் 13 சதவீதம் குறையும். எம்35ஏ2ல காத்து உதவியோட வேலை செய்ற ஹைட்ராலிக் பிரேக், அதுவும் ஒரே லைன், ஒரு இடத்துல குழாய் விட்டுச்சுன்னா மொத்தமும் போச்சு. அதே நேரம் வேகம் கூடும், 2,600 ஆர்பிஎம்ல மணிக்கு 56 மைல் ஓடுன வண்டி இப்ப 64 மைல் ஓடும், மீட்டரோ இன்னும் 56னுதான் காட்டும். பிரேக் குறைஞ்சு வேகம் கூடுன வண்டியை ஓட்டுறோம்ங்கிறதை மறக்கக் கூடாது. டயர்ல இருக்கிற வேக எழுத்தையும் பாருங்க, ஜி போட்டிருந்தா 90 கிலோமீட்டர், அதாவது அந்தப் பழைய 56 மைல்தான்.

உயிர் போற விஷயம் ஒண்ணு, லாக் ரிங், அதாவது டயரை ரிம்முல பிடிச்சு வைக்கிற இரும்பு வளையம். இந்த ரிம் எல்லாம் ரெண்டு மூணு துண்டா வரும், ரிங் தெறிச்சா எதிர்ல இருக்கிறவர் பிழைக்கிறது கஷ்டம். வீல் நட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே வால்வு பின்னைக் கழட்டி காத்தை முழுசா விடுங்க. டூயல்ல ஒண்ணை மட்டும் இறக்கிட்டு இன்னொண்ணை விட்டுடாதீங்க, ரெண்டையும் இறக்குங்க. துரு அரிச்ச ரிங், வளைஞ்ச ரிங், வேற ரிம்மோட ரிங், எதையும் திரும்பப் போடாதீங்க. அமெரிக்காவுல ஓஷா (வேலை செய்ற இடத்துப் பாதுகாப்பைப் பார்க்கிற அரசு அமைப்பு) விதிப்படி இந்த மாதிரி ரிம்முக்கு கூண்டுக்குள்ள வச்சுத்தான் காத்து அடிக்கணும், நீள ஹோஸ், வால்வுல மாட்டி விட்டா தானா நிக்கிற சக் (ஹோஸ் முனை), ஆள் பக்கவாட்டுல தள்ளி நிக்கணும். காத்து ஏறிக்கிட்டு இருக்கும்போது ரிங் உட்காரலன்னு சுத்தியால தட்டவே கூடாது, காத்தை இறக்கிட்டு மறுபடி ஆரம்பிங்க. போல்ட் போட்டு இணைச்ச ரெண்டு துண்டு ரிம்மும் ஏலத்துல வருது, அதுல ரிம்மை இணைக்கிற நட்டும் வீல் நட்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும், காத்தோட இணைப்பு நட்டைக் கழட்டுனவங்க செத்திருக்காங்க.

கடைசியா நட்டு. டூயல்ல உள் ரிம்மை ஒரு தொப்பி நட்டு பிடிக்கும், அது மேல வெளி நட்டு ஏறி வெளி ரிம்மைப் பிடிக்கும். சிங்கிள் ஆனதும் அந்தத் தொப்பியை அப்படியே விட்டு மேல வெளி நட்டைப் போட்டா ரிம்முல சரியா உட்கார்ந்துச்சா இல்லையான்னே தெரியாது. சிங்கிளுக்குன்னு உள்ள நட்டு வாங்கி, அதோட உருண்டை முகம் ரிம் குழில முழுசா உட்காருதான்னு ஒவ்வொண்ணா பாருங்க. டிரைவர் பக்கம் (இந்த லாரில அது இடது பக்கம்) இடது மரை, ஸ்டட்ல எல் குத்தியிருக்கும், அந்தப் பக்கம் எதிர்த் திசைல டைட் பண்ணணும். ஹப்பைத் திருப்புனப்ப ஸ்டட் இடம் மாறியிருந்தா இதுல குழப்பம் வரும்.

நான் ஒரு தடவ ரிம்முக்கு அழகா கெட்டியா பெயிண்ட் அடிச்சு மாட்டுனேன், ஹப்போட ஒட்டுற முகத்துலயும் நட்டு உட்கார்ற குழிலயும் சேர்த்து. 80 கிலோமீட்டர் ஓட்டிட்டு டார்க் ரெஞ்சை வச்சா வலது பின் வீல்ல ஆறு நட்டும் கால் சுத்து போச்சு. நட்டைக் கழட்டிப் பார்த்தா குழில பெயிண்ட் நசுங்கி மெழுகு மாதிரி வழிஞ்சு கிடக்கு. ஆறு வீலையும் இறக்கி ஒட்டுற இடம் எல்லாம் இரும்பு தெரியற அளவுக்குச் சுரண்டி, புக்குல சொன்ன டார்க்குல குறுக்கும் மறுக்கும் மாத்தி மாத்தி டைட் வச்சேன். மறுபடி 80ல ஒரு தடவ, 160ல ஒரு தடவ ரெஞ்சை வச்சுப் பார்த்தேன், ஒரு நட்டுகூட அசையல.