ஃபைப்ரோமயால்ஜியாவோடு வேலை பார்ப்பது எப்படி: தையல் மிஷின் பக்கத்திலிருந்து சில வழிகள்

வலி குறைவாக இருக்கிற நாளில்தான் அதிகக் கவனம் வேண்டும். உடம்பு முழுக்க மாதக்கணக்கில் வலியும் அசதியும் தருகிற ஃபைப்ரோமயால்ஜியா நோய் என்று தெரிந்து என்னிடம் வந்து கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உடம்பு லேசாக இருக்கிறதே என்று அன்றைக்கே பரணை ஒழித்து, போர்வையெல்லாம் ஊறவைத்துத் துவைத்து, மாவும் ஆட்டி வைத்தால், அடுத்த இரண்டு மூன்று நாள் படுக்கைதான். எழுந்ததும் தேங்கிக் கிடக்கும் வேலையை முடிக்க மறுபடி ஓட்டம், மறுபடி படுக்கை. இந்தச் சுற்றை உடைப்பதுதான் பெரிய வேலை. தூக்கமும் நடையும் அதற்கு அடுத்தது. மாத்திரை இவற்றுக்குத் துணை.

நான் திருச்சி உறையூரில் வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறேன். அதனால் உதாரணமெல்லாம் மிஷினிலிருந்தும் அடுப்படியிலிருந்தும்தான் வரும். ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் இதுதானா என்று பாருங்கள்

கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, தொடை என்று உடம்பின் பல பக்கங்களில் மூன்று மாதத்துக்கு மேல் வலி. இரவு முழுக்கத் தூங்கியும் காலையில் தீராத அசதி. இதோடு மறதி, மந்தம்: அளவெடுத்துத் திரும்புவதற்குள் கை நீளம் ஒன்பதரையா பத்தா என்று மறந்துபோகும். பலருக்கு வயிற்றுக் கோளாறும் ஒற்றைத் தலைவலியும் சேர்ந்தே இருக்கும்.

இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பிறகு ஏன் டாக்டர் அத்தனை டெஸ்ட் எழுதுகிறார் என்றால், இதே மாதிரி வலியும் அசதியும் தரும் வேறு நோய்கள் இருக்கின்றன. தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் டி குறைவு, முடக்குவாதம். அவற்றைப் பார்த்து விலக்க வேண்டும். இருந்தால் அதற்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். 1990-இல் வந்த விதிப்படி உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடத்திலாவது வலிக்கிறதா என்று கணக்கெடுப்பார்கள். 2010-இல் அந்த முறை மாறிவிட்டது. 2016-இல் திருத்திய விதிப்படி உடம்பை ஐந்து பகுதியாகப் பிரித்து, நான்கிலாவது வலி இருக்கிறதா, தூக்கம், அசதி, ஞாபகம் எப்படி என்று கேட்கிறார்கள். இதற்குப் போக வேண்டியது ருமட்டாலஜி டாக்டரிடம், அதாவது மூட்டு, தசை சம்பந்தமான வாதநோய்களைப் பார்க்கிறவரிடம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்குத் தனித்துறையே உண்டு.

ஒரு எச்சரிக்கை. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, விடாத காய்ச்சல் இருந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, கை கால் பலம் போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, ‘எனக்குத்தான் ஃபைப்ரோ இருக்கிறதே’ என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். அது வேறு விஷயம். உடனே காட்ட வேண்டும்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? தையல்காரிக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மிஷினில் டென்ஷன் திருகை அதிகமாக இறுக்கிவிட்டால் நல்ல துணியிலும் சுருக்கம் விழும். துணியில் கோளாறு இல்லை. அப்படித்தான் தசையும் மூட்டும் தேயவில்லை, கிழியவில்லை. நரம்பும் மூளையும் வலியைக் கூட்டிக் காட்டுகின்றன. வலி நிஜம். ஆனால் அசைந்தால் எலும்பு தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறினால்தான் பின்னால் சொல்கிற நடை சாத்தியப்படும்.

வேலையை நேரத்தால் நிறுத்துங்கள், வலியால் அல்ல

ஒரு நோட்டு எடுத்து, ஒவ்வொரு வேலையிலும் எவ்வளவு நேரத்தில் வலி ஏறத் தொடங்குகிறது என்று இரண்டு வாரம் எழுதுங்கள். கட்டிங் அரை மணி, பாத்திரம் கால் மணி, இப்படி. மோசமான நாளில் தாங்கிய நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதிலும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். அதுதான் உங்கள் அளவு. கட்டிங்குக்கு எனக்கு இருபது நிமிடம். போனில் அலாரம் அடித்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட வேண்டும், கை நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும். அந்த ‘இருந்தாலும்’தான் கஷ்டம். இன்னும் ஒரே ஒரு கை வெட்டிவிட்டால் முடிந்தது என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். சில வாரம் இதே அளவில் நிலையாக இருக்க முடிந்தால் மெல்லக் கூட்டலாம்.

ஒரு லைனிங் ப்ளவுஸை முன்பெல்லாம் ஒரே மூச்சில் முடிப்பேன். இப்போது முதல் நாள் கட்டிங் மட்டும். அடுத்த நாள் முன்பாகமும் டார்ட்டும். அப்புறம் கழுத்து, பட்டி, கை. ஹூக் வைப்பதும் கை ஹெம்மிங்கும் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குப் பீஸ் கணக்கில் போய்விடும். விரல் வலிக்கிற வேலைக்கு நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, அதற்கு இரண்டு நாள் படுப்பதில் என்ன லாபம்?

கருவியை மாற்றுவது நோயை ஒப்புக்கொண்டு தோற்பது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. மிஷினுக்கு மோட்டார் மாட்டுங்கள், கால் மிதிப்பது மிச்சம். தரையில் குனிந்து வெட்டாமல் இடுப்பு உயர மேஜையில் வெட்டுங்கள். கனமான இரும்புக் கத்தரிக்குப் பதில் லேசானதாக வாங்கி, அடிக்கடி சாணை பிடியுங்கள். மழுங்கிய கத்தரி தோள் வரைக்கும் இழுக்கும்.

அடுப்படியிலும் இதே கணக்குத்தான். குடத்தைப் பாதி நிரப்புங்கள். நறுக்குவதை உட்கார்ந்து செய்யுங்கள். கனமான போர்வையைப் பிழியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுங்கள், வெயில் பார்த்துக்கொள்ளும். கிரைண்டர் கல்லைத் தூக்க முடியாத வாரத்தில் கடை மாவு வாங்குங்கள். இட்லி கொஞ்சம் புளிக்கும், அவ்வளவுதான்.

தீபாவளிதான் பெரிய சோதனை. புரட்டாசி பாதியோடு ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுகிறேன் என்று வாசலில் எழுதிப் போட்டுவிடுவேன். “அக்கா, ஒரே ஒரு ப்ளவுஸ்தானே” என்று வருவார்கள். “உனக்கு ஒண்ணுதான்மா, எனக்கு அது நாற்பதாவது” என்பேன். கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்களில் பலர் தை மாதம் கல்யாண ப்ளவுஸுக்குத் திரும்பி வருகிறார்கள்.

தூக்கம்

1975-இல் மொல்டாஃப்ஸ்கி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் நல்ல ஆரோக்கியமுள்ளவர்களை ஆழ்ந்த தூக்கத்தில் சத்தம் போட்டுக் கலைத்துப் பார்த்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்கும் உடம்பு வலி வந்தது. ஆகவே தூக்கத்தைச் சரிசெய்வது வலிக்கான வைத்தியமும்கூட. இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். பிற்பகலுக்கு மேல் டீ, காபி வேண்டாம். பகலில் நீண்ட தூக்கம் வேண்டாம். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறது என்று வீட்டில் சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது.

நடை

வாதநோய் மருத்துவர்களின் ஐரோப்பிய அமைப்பு 2016-இல் திருத்திய பரிந்துரைகளில், அழுத்தமாகச் சொன்ன ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான். மாத்திரைக்குக்கூட அந்த அழுத்தம் கிடைக்கவில்லை. ஆனால் வலிக்கிற உடம்பிடம் போய் ‘தினமும் அரை மணி நட’ என்பது அநியாயம். ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். நான் வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடியில் நடப்பேன். தெருவில் போனால் யாராவது நிறுத்தி வைத்துப் பேசுவார்கள். நடப்பதைவிட நிற்பதுதான் எனக்கு வலி. வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. இரண்டு நாளைக்கு மேல் நீடித்தால் பழைய அளவுக்கு இறங்குங்கள். நிறுத்தாதீர்கள்.

மாத்திரை பற்றி

சாதாரணமாக எழுதுவது அமிட்ரிப்டிலின் (இரவில் குறைந்த அளவில்), டுலாக்ஸெடின், ப்ரீகாபாலின். முதல் இரண்டும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்து என்பதால், மருந்துக்கடையில் ஒரு பார்வை பார்ப்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள், அவை நரம்பின் வலிச் சேதியையும் குறைக்கின்றன. அமிட்ரிப்டிலினில் வாய் வறளும், காலையில் மந்தமாக இருக்கும். டுலாக்ஸெடினில் ஆரம்பத்தில் குமட்டும். ப்ரீகாபாலினில் தலைசுற்றலும் தூக்கமும் வரும், சிலருக்கு எடை கூடும், கால் வீங்கும். தொடங்கிய நாட்களில் ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். கர்ப்பம் இருந்தாலோ திட்டமிட்டிருந்தாலோ முன்பே சொல்லுங்கள். எதையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இந்த நோய்க்குப் பெரிதாக வேலை செய்யாது. நாள்கணக்கில் போட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வலி ஏறிய நாளும் வீட்டாரும்

அப்படிப்பட்ட நாளில் நாள் முழுக்கப் படுக்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம், மணிக்கு ஒருமுறை வீட்டுக்குள் நாலு நடை, ரசம் சாதம். அன்றைக்கு எது செய்யாவிட்டால் நிஜமாகவே கெட்டுப்போகும் என்று கேளுங்கள். பெரும்பாலும் பால் மட்டும்தான்.

“பார்த்தா நல்லாத்தானே இருக்கே” என்று மாமியார் சொல்வார். நோயை விளக்கி ஜெயிக்க முடியாது. “அத்தை, தோசைக்கல்லை மட்டும் எடுத்து அடுப்புல வச்சிடுங்க” என்று ஒரு வேலையைக் குறிப்பாகக் கேட்டால் செய்துவிடுவார். பொதுவாக ‘உதவி பண்ணுங்க’ என்றால் யாருக்கும் கை எழாது. மனசு ரொம்பத் தளர்ந்துவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு இலவச எண் அது; தமிழிலேயே பேசலாம்.

டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டை எடுத்துப்போங்கள். முன்னால் போய் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும். முதல் பக்கத்தில் மூன்று வரி போதும்: எங்கே வலி, எத்தனை மணி நேரத் தூக்கம், போன முறையிலிருந்து எந்த வேலையைச் செய்ய முடிகிறது, எதை முடியவில்லை. போடுகிற மாத்திரைகளின் பெயரையும் எழுதுங்கள், ‘அந்த வெள்ளை மாத்திரை’ என்று சொன்னால் அவருக்கும் புரியாது.