பழைய மாருதி 800: ஜாம் ஆன முன் பிரேக் காலிபரை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்வது

பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, மைலேஜ் குறைந்துவிட்டது, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கினால் ஒரு முன்சக்கரத்தில் மட்டும் கருகல் வாசம். மாருதி 800 போன்ற பழைய வண்டியில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காலிபரை, அதாவது பிரேக் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகத்தை. ஷெட்டுக்குப் போனால் "காலிபரையே மாத்திடலாம் சார்" என்பார்கள். மாற்றியே ஆக வேண்டிய நிலையும் உண்டு. ஆனால் பல சமயம் கோளாறு ஒரு ரப்பர் சீலிலோ, வறண்டுபோன இரண்டு பின்களிலோதான் இருக்கும். எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரியாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

முன்கூட்டியே ஒன்று: இது பிரேக். முதல் முறை செய்கிறீர்கள் என்றால், ஏற்கெனவே செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ப்ளீடிங் செய்ய, அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, எப்படியும் இன்னொரு ஆள் வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

டிஸ்க் பிரேக் வைத்த 800-களின் முன்சக்கரத்தில் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் காலிபர். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் உள்பக்கப் பேடை (உரசி நிறுத்தும் பட்டை) சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிபரின் உடம்பு இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேடையும் இழுத்து அழுத்தும். ஆக, பிஸ்டனும் நகர வேண்டும், பின்னும் நகர வேண்டும்.

பெடலை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது யார்? ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல்தான். பிஸ்டன் முன்னால் போகும்போது அந்த ரப்பர் லேசாக முறுக்கிக்கொள்ளும்; அழுத்தம் போனதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் மயிரிழை அளவுக்கு இழுத்துவிடும். வயதாகி ரப்பர் விறைத்துப்போனால் இந்த இழுப்பு இருக்காது, பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அதனால் ஆயில் கசியவில்லை என்பதை வைத்து சீல் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

முதல் வேலை: எங்கே ஜாம்?

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஆக்சில் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யவே கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது, திடீரென்று நொறுங்கும்.

சக்கரத்தைக் கழட்டி, பெடலை ஒருமுறை நன்றாக மிதித்து விட்டு, டிஸ்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலிபரின் ப்ளீடர் நிப்பிளில் (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றத் திறக்கும் சின்ன திருகு) டியூப் மாட்டி, கால் சுற்று திறங்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து டிஸ்க் சட்டென்று லூசானால், காலிபரைத் திட்ட வேண்டாம். அழுத்தம் மேலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே ஊறி அடைத்துக்கொண்ட ரப்பர் ஹோஸ் இதற்கு வழக்கமான காரணம், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் ஆகலாம். நிப்பிளைத் திறந்த பிறகும் அதே இறுக்கம் என்றால்தான் பிஸ்டனோ பின்னோ சிக்கியிருக்கிறது. ஒரு நிமிடச் சோதனை, ஆனால் இதைச் செய்யாமல் புதுக் காலிபர் மாட்டிவிட்டு அதே கோளாறோடு திரும்பி வருபவர்கள் நிறைய.

பேடுகளையும் பாருங்கள். உள்பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தாலோ, ஒரே பேடு சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ பின்கள் மேல் சந்தேகம் வைக்கலாம்.

வாங்க வேண்டியவை

காலிபர் ரப்பர் கிட் (புதுச் சீலும் டஸ்ட் கவரும்), ஹோஸ் போல்ட்டுக்கு இரண்டு புதுச் செம்பு வாஷர், பின்னுக்குச் சிலிகான் கிரீஸ், சீல் உடைக்காத பிரேக் ஆயில், பிரேக் கிளீனர். ஆயில் எது என்று ரிசர்வாயர் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தர எண். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம், டாட் 5 கூடாது. அது சிலிகான் வகை, பழைய ஆயிலோடு சேராது. பாதி காலியாகி அலமாரியில் கிடக்கும் டப்பாவும் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3-இன் கொதிநிலை வரம்பு புதிதாக இருக்கையில் 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரிதான்.

சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் தெரிந்த இடங்கள். பழைய காலிபர் உடம்பு வேண்டுமானால் அங்கே தேடலாம். ரப்பர் மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

கழட்டுவதும் பிஸ்டனை வெளியே எடுப்பதும்

காலிபர் வண்டியில் இறுக்கமாக இருக்கும்போதே ப்ளீடர் நிப்பிளும் ஹோஸ் போல்ட்டும் அசைகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையில் வந்த பிறகு அவற்றோடு மல்லுக்கட்ட முடியாது. அசையாவிட்டால் துரு எண்ணெய் அடித்து இரவு முழுக்க விடுங்கள். நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர்தான். திறந்த ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும்.

இப்போது பின் போல்ட்டுகளைக் கழட்டி, காலிபரைத் தூக்கி, பேடுகளை எடுத்துவிடுங்கள். காலிபரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டுங்கள். பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

பிஸ்டனை வெளியே கொண்டுவர ஷெட்டில் கம்ப்ரசர் காற்று அடிப்பார்கள். வீட்டில் அது வேண்டாம். துப்பாக்கிக் குண்டு மாதிரி வந்து விரலை நசுக்கும். ஹோஸ் இன்னும் மாட்டியிருக்கும்போதே, பிஸ்டனுக்கு எதிரே மரக்கட்டை வைத்து, உதவிக்கு இருப்பவரைப் பெடலை மெதுவாகப் பாதி வரை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். எவ்வளவு இறுகிய பிஸ்டனும் பெரும்பாலும் இதில் நகரும். பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரின் சீல் வழக்கமாகப் போகாத, துருப்பிடித்த பகுதியில் உரசிக் கிழியும். ஒரு வேலைக்கு வந்து இரண்டு வேலையாகும்.

பிஸ்டன் முக்கால்வாசி வெளியே வந்ததும் நிறுத்தி, கீழே தட்டு வைத்து, ஹோஸைக் கழட்டி, மீதியைக் கையால் சுழற்றி இழுங்கள். பிளேயர் போட்டுப் பக்கவாட்டில் பிடிக்காதீர்கள். ஹோஸின் வாயைச் சுத்தமான பாலித்தீனால் மூடுங்கள். ஆயில் பெயின்ட் மேல் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள்.

வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா

பிஸ்டனைத் துடைத்து, வெயிலில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். கறை மட்டும் என்றால் பிரேக் ஆயிலில் நனைத்த 1000 எண் எமரியால் லேசாகத் தேய்க்கலாம். சீல் படும் இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் குழி இருந்தால் பிஸ்டன் போய்விட்டது. எமரி போட்டுச் சரிக்கட்ட நினைக்காதீர்கள், குரோம் போனால் மறுபடி துருதான். காலிபரின் உள்சுவரில் ஆழமான கீறல், உடம்பில் வெடிப்பு, நிப்பிள் உடைந்து மரையோடு போனது, இவற்றில் எது இருந்தாலும் காலிபரை மாற்றிவிடுங்கள்.

பழைய சீலை மரக்குச்சியால் எடுங்கள். அது உட்கார்ந்திருந்த பள்ளத்தைச் சுத்தம் செய்வதுதான் இந்த வேலையிலேயே முக்கியமான இடம். அங்கே படியும் துரு புதுச் சீலையும் பிதுக்கி, பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும். கிட் மாட்டிய பிறகும் ஜாம் போகவில்லை என்றால் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தைச் சுரண்டவில்லை. பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் ரப்பர் பக்கம் வரக்கூடாது, ஊதிவிடும்.

திரும்பப் பூட்டுதல்

புதுச் சீலைப் பிரேக் ஆயிலில் நனைத்து, முறுக்கில்லாமல் பள்ளத்தில் உட்கார வையுங்கள். பிஸ்டனிலும் ஆயில் தடவி, கட்டைவிரல்களால் நேராக அழுத்துங்கள். சுத்தியல் தேவைப்பட்டால் பிஸ்டன் கோணலாகப் போகிறது, வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். டஸ்ட் கவர் எந்த வரிசையில் ஏறும் என்பது காலிபருக்குக் காலிபர் மாறும். கழட்டும்போதே போனில் படம் எடுத்திருந்தால் தலைவலி இல்லை.

பின்களைத் துடைத்து, சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள். சாதா சக்கர கிரீஸ் பின்னின் ரப்பரைக் கெடுக்கும். காலிபரை ஒரு விரலால் தள்ளினால் நகர வேண்டும்.

பேடு, காலிபர், செம்பு வாஷரோடு ஹோஸ் என்று பூட்டி, சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்கள். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கட்டும். ப்ளீடர் நிப்பிள் மேல்பக்கம் வர வேண்டும். கீழே இருந்தால் இடது வலது காலிபர் மாறியிருக்கிறது, எவ்வளவு ப்ளீட் செய்தாலும் காற்று வெளியேறாது.

ப்ளீடிங்

ரிசர்வாயரை நிரப்பி, நிப்பிளில் டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். "மிதி" என்றால் அவர் மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூடி, அப்புறம்தான் "விடு" சொல்ல வேண்டும். வரிசை மாறினால் போன காற்று திரும்ப ஏறும். குமிழி நிற்கும் வரை தொடருங்கள். நடுவில் ரிசர்வாயரைக் காலியாக விட்டால் ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

சக்கரம் மாட்டி, வண்டியைக் கிளப்பும் முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தாலும் இறங்கக் கூடாது. காலித் தெருவில் நடக்கும் வேகத்தில் முதல் பிரேக், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகம். திரும்பி வந்ததும் ஹோஸ் மூட்டைக் காகிதத்தால் துடைத்து ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் ரிசர்வாயர் அளவைக் கவனியுங்கள். குறைந்தால் மேலே ஊற்றி ஓட்டாமல், கசிவு எங்கே என்று தேடுங்கள்.