மும்பை வீட்டில் சின்ன கம்ப்ரசர்: காற்றைவிடத் தண்ணீரைக் கவனியுங்கள்

ஜூலை மாதம் செம்பூரிலோ மாதுங்காவிலோ, 25 லிட்டர் டேங்க் உள்ள ஏர் கம்ப்ரசரை (காற்றை அமுக்கிச் சேர்த்துவைக்கும் மெஷின்) ஒரு தடவை 8 பார் வரை, அதாவது வெளிக்காற்றைவிட எட்டு மடங்கு கூடுதல் அழுத்தம் வரை, ஏற்றினால், உள்ளே காற்றோடு கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் தண்ணீரும் சேரும். கணக்கு எளிது. 30 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 26 கிராம் நீராவி இருக்கும். அதை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கிவிட்டால், சூடு ஆறியதும் மூன்று, மூன்றரை கிராமைத்தான் அது தாங்கும். மீதி 22 கிராமும் தண்ணீராக இறங்கிவிடும். இந்த டேங்கில் அடைவது கால் கன மீட்டருக்கும் சற்றுக் குறைவான காற்று, அதனால்தான் ஒரு டீஸ்பூன். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு ஓட்டினால் கால் டம்ளருக்கு மேல் தேறும். கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஊரில் வரும் தொல்லைகளில் பாதிக்கு இதுதான் வேர்.

வாங்கும்போது எச்.பி.யைப் பார்த்து மயங்காதீர்கள். நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தருகிறது என்பதுதான் பேச்சு. பெட்டியில் போட்டிருக்கும் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) பெரும்பாலும் பிஸ்டன் உறிஞ்சும் அளவு. வெளியே வருவது அதைவிட நன்றாகவே குறையும். கடையிலேயே சோதிக்கலாம். டேங்க் காலியாக இருக்கும்போது ஓடவிட்டு, 8 பார் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று மொபைலில் பாருங்கள். 25 லிட்டர் டேங்க் 8 பார் ஏற வெளிக்காற்று 200 லிட்டர் வேண்டும். இரண்டு நிமிடம் பிடித்தால் நிமிடத்துக்கு 100 லிட்டர், அதாவது சுமார் 3.5 சி.எஃப்.எம். ஹார்டுவேர் கடைகள் நிறைந்த நாக்தேவி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர் பிளக்கில் போட்டுக் காட்டத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

ஃப்ளாட்டுக்கு ஆயில் இல்லாத ரகம்தான் சரி. அதிலும் 'சைலன்ட்' மாடல் என்றால் சத்தம் குறைவு, காற்றில் எண்ணெய் வாடையும் வராது. பிஸ்டனில் உள்ள டெஃப்ளான் ரிங் தேய்ந்துபோகும் என்பதால், அந்த மாடலுக்கு ரிங் செட் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். ஆயில் ஊற்றும் 2 எச்.பி. டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராக பம்ப்பைச் சுற்றும் ரகம்) அதிகக் காற்று தரும், உழைக்கும். ஆனால் ஓடும்போது பக்கத்தில் நின்று பேச முடியாது. சொசைட்டிக்காரர்கள் வாசலுக்கு வருவார்கள். எதுவானாலும் காலுக்கடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். டைல்ஸ் வழியாக இறங்கும் அதிர்வுதான் கீழ்வீட்டுக்காரரை எழுப்புகிறது.

2 எச்.பி. என்றால் 16 ஆம்பியர் பாயின்ட் கட்டாயம். மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் அந்த நேரம் வோல்டேஜ் விழும். மோட்டார் உறுமிக்கொண்டே நின்று சூடாகும். தூரம் எட்டவில்லையா, வயரை நீட்டாதீர்கள், காற்று ஓஸை நீட்டுங்கள்.

ஆயில் ரகத்தில் முதல் நாள் வேலை கொஞ்சம் உண்டு. லாரியில் ஆயில் சிந்தாமலிருக்கப் போட்ட மூடியைக் கழற்றி, கூடவே வந்த மூச்சுக்குழாய் மூடியை மாட்டுங்கள். ஆயில் அளவு காட்டும் கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளியின் நடு வரை கம்ப்ரசர் ஆயில் ஊற்றுங்கள். பைக் இன்ஜின் ஆயில் வேண்டாம். டேங்கின் வடிகால் வால்வைத் திறந்து வைத்து, பிரஷர் ஏறவிடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிய பிறகுதான் வால்வை மூட வேண்டும். முதல் பத்து மணி நேர ஓட்டத்தில் ஆயிலை மாற்றிவிடுங்கள். புது பம்ப்பின் இரும்புத்தூள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

வடிகால் வால்வு டேங்கின் அடிவயிற்றில் ஒரு சின்னத் திருகாக இருக்கும். தரையில் படுத்துத் தேட வேண்டியிருப்பதால்தான் பலரும் அதைத் தொடுவதே இல்லை. டேங்க் காலியாக இருக்கும்போது அதைக் கழற்றி, கால் அங்குல எல்போ (வளைவு) ஒன்று, குட்டி நிப்பிள் (இருபுறமும் மரையுள்ள குழாய்த்துண்டு), பால் வால்வு என்று வரிசையாக மாட்டி, கை எட்டும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். மரையில் டெஃப்ளான் டேப்பைக் கடிகாரம் சுற்றும் திசையில் நாலைந்து சுற்று சுற்றுங்கள். முதல் மரையை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் டேப் துணுக்கு உள்ளே போய் எங்காவது அடைக்கும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, பிரஷரை 1 அல்லது 2 பாருக்கு இறக்கி, வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். 8 பாரில் திறந்தால் துருத்தண்ணீர் சுவரெல்லாம் தெறிக்கும். பூஜ்யத்தில் திறந்தால் பாதி உள்ளேயே தங்கும். டேங்கை வால்வுப் பக்கம் சாய்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டு வந்த பிறகும் இரவு முழுக்கத் திறந்தே விடுங்கள்.

இனி வேலைக்கு. கார் டயருக்கு இந்த டேங்க் தாராளம். 25 பி.எஸ்.ஐ.யிலிருந்து 33க்கு ஏற்ற ஒரு டயருக்கு 15 லிட்டர் காற்று போதும். 8 பாரிலிருந்து 5.5 வரை இறங்கும்போது டேங்க் 60 லிட்டர் தருகிறது. ஆக, நாலு டயரும் மோட்டார் மறுபடி கிளம்புவதற்குள் முடிந்துவிடும். டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையே வையுங்கள்.

ஊதும் துப்பாக்கி அப்படியில்லை. 2 மி.மீ. துளை வழியே 6 பாரில் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் போகும். பத்துப் பன்னிரண்டு வினாடியில் காற்று தளர்ந்துவிடும். எனவே விட்டுவிட்டு அழுத்துங்கள். வெளியே வரும் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரை 2 பாரில் வைத்தாலே வீட்டு வேலைக்குப் போதும். ஏ.சி. ஃபில்டரை அழுக்குப் படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதுங்கள். வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளுக்கு நேராக ஊத வேண்டும். சாய்த்து ஊதினால் மடங்கிவிடும். கம்ப்யூட்டர் என்றால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தையல் மெஷினின் பாபின் கேஸைக் கழற்றி, பஞ்சு வெளியே வரும்படி ஊதுங்கள். உள்ளே தள்ளிவிட்டால் பல் சக்கரத்தில் சிக்கும். எந்த வேலைக்கும் கண்ணாடி போடுங்கள். சட்டைத் தூசியைத் தட்டக்கூடக் காற்றை உடம்பின் பக்கம் திருப்பாதீர்கள்.

ஜன்னல் கிரில்லுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாம். ஆனால் துப்பாக்கியின் காற்றுத் தேவை உங்கள் கம்ப்ரசரின் அளவுக்குள் இருக்க வேண்டும். எச்.வி.எல்.பி. (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று விடும்) துப்பாக்கிகள் பல நிமிடத்துக்கு 250 லிட்டருக்கு மேல் கேட்பவை. இந்த டேங்க் திணறும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை டேங்கின் வாயிலேயே மாட்டிவிட்டு, பெயின்டில் குழி குழியாக வருகிறதே என்று குழம்புகிறார்கள். அந்த இடத்தில் காற்று சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிவிடும். ஐந்து மீட்டர் ஓஸுக்கு அப்பால், கிண்ணம் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச்சின் பொறியில் தின்னர் ஆவி பற்றிக்கொள்ளக்கூடும்; கம்ப்ரசர் அடுத்த அறையிலோ பால்கனியிலோ இருக்கட்டும்.

பழுதுகளைக் காதால் கண்டுபிடிக்கலாம். மோட்டார் நிற்கும்போது ஒன்றிரண்டு வினாடி 'புஸ்' என்று காற்று வெளியேற வேண்டும். பம்ப்பின் தலையில் தேங்கிய பிரஷரை ஒரு குட்டி வால்வு வெளியே விடும் சத்தம் அது. புஸ் சத்தமே இல்லையென்றால் அடுத்த தடவை மோட்டார் கிளம்பத் திணறும். நிற்காமல் சீறிக்கொண்டே இருந்தால் டேங்க் வாயிலுள்ள, காற்று பம்ப்புக்குத் திரும்பாமல் தடுக்கும் நான் ரிட்டர்ன் வால்வில் தூசு. பிளக்கைப் பிடுங்கி, பிரஷரைப் பூஜ்யமாக்கி, பித்தளை நட்டைத் திறந்து ரப்பரைத் துடைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். உறுமல் மட்டும் வருகிறதா? டேங்கைக் காலி செய்துவிட்டுப் பாருங்கள். அப்போது கிளம்பினால் கோளாறு இந்த வால்வுகளில். அப்போதும் உறுமினால் மோட்டாரைக் கிளப்பும் கெப்பாசிட்டர் அல்லது வோல்டேஜ். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து 5 பாரைத் தாண்டவில்லை என்றால், சோப்புத் தண்ணீர் தடவி இணைப்புகளில் குமிழ் வருகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பம்ப்பின் தலைக்குள் இருக்கும் வால்வு பிளேட்டைத் திறக்க வேண்டியதுதான்.

ஆயில் கண்ணாடி பால் கலந்த டீ மாதிரி தெரிந்தால் ஈரம் ஆயிலில் கலந்துவிட்டது. தினமும் இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்துபவர்களுக்கு மழைக்காலத்தில் இது நடக்கும். பம்ப் சூடேறாததால் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லை. ஆயிலை மாற்றுங்கள். பிறகு வாரம் ஒரு தடவை வடிகாலை லேசாகத் திறந்து வைத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள்.

மாதம் ஒரு தடவை, டேங்கில் பிரஷர் இருக்கும்போது, சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்து விடுங்கள். காற்று சீறி, விட்டதும் அடைபட வேண்டும். வடியும் தண்ணீரில் லேசான துருநிறம் சகஜம். செதில் செதிலாகத் துரு வந்தாலோ, டேங்கில் ஊசித்துளை விழுந்தாலோ வெல்டிங் வைக்காதீர்கள், எம்-சீலும் பூசாதீர்கள். ஒரு இடத்தில் துளை என்றால் சுற்றிலும் தகடு மெலிந்திருக்கிறது, 8 பாரில் அது வெடிக்கலாம். பம்ப்பையும் மோட்டாரையும் கழற்றி வைத்துக்கொண்டு, வேறு யாரும் எடுத்து ஓட்ட முடியாதபடி டேங்கில் பெரிய ஓட்டையாகப் போட்டு, பழைய இரும்பு வாங்கும் பங்கார்வாலாவிடம் கொடுங்கள்.