கிறிஸ்துவிடம் உள்ளபடியே வருவது எப்படி?

கிறிஸ்துவிடத்தில் ஆறுதல் தேடுகிற பலர், முதலில் தங்களைச் சீர்படுத்திக்கொண்டு பிறகு அவரிடம் போகலாம் என்று நாட்களைக் கடத்துகிறார்கள். ஆனால் சுவிசேஷத்தில் இயேசுவை நண்பகலில் கிணற்றடியில் சந்தித்த சமாரியப் பெண்ணோ, இரவில் அவரிடம் வந்த யூதத் தலைவனாகிய நிக்கொதேமுவோ அப்படித் தயாராகி வரவில்லை. தேவனுடைய கட்டளைகளையெல்லாம் சிறுவயதிலிருந்தே கைக்கொண்டேன் என்று சொல்லி வந்த செல்வந்தன்தான் துக்கத்தோடு திரும்பிப்போனான்.

ஆகவே, இருக்கிற நிலையிலேயே அமர்ந்து, இயேசுவின் வாழ்வைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தைத் திறவுங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுவே மிகச் சிறியது. 16 அதிகாரங்களே உள்ளன. நாளுக்கு ஓர் அதிகாரம் போதும். பத்தாம் அதிகாரத்தில், பார்வையற்ற பர்திமேயுவிடம் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" என்று கேட்கிறார். அவனுடைய குறை எல்லாருக்கும் தெரிந்திருந்தும், அதை அவன் வாயாலேயே சொல்லும்படி அவர் காத்திருந்தார். அந்தக் கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டதாகக் கொண்டு, பதிலை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். "சமாதானம் வேண்டும்" என்பது பொதுவான பதில். இறந்துபோன தாயிடம் கேட்கத் தவறிய மன்னிப்பா, பல ஆண்டுகளாக மறைத்துவைத்த செயலா, எது உறக்கத்தைக் கெடுக்கிறதோ அதையே எழுதுங்கள்.

பின்பு அந்த வரியை ஜெபமாகச் சொல்லுங்கள். அலங்கார வார்த்தைகள் தேவையில்லை. சொல் வராவிட்டால் வேதத்திலுள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்களின் சொற்களைக் கடன் வாங்கலாம். அவற்றில் 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட புலம்பலுக்கும் வேதத்தில் இடமிருப்பதே எனக்குப் பெரிய ஆறுதலாகத் தோன்றுகிறது. விசுவாசம் போதவில்லையே என்று தயங்குவோர், நோயுற்ற மகனுக்காக வந்து, விசுவாசிக்கிறேன் என்றும் என் அவிசுவாசம் நீங்க உதவும் என்றும் ஒரே மூச்சில் கதறிய தகப்பனை நினைத்துக்கொள்ளட்டும்.

ஆறுதலும் இரட்சிப்பும் ஒன்றல்ல. துயரத்தைச் சொல்வதோடு நின்றுவிடாமல், பாவத்தையும் காரணம் கற்பிக்காமல் அறிக்கையிட்டு, கிறிஸ்து நமக்காக மரித்து உயிர்த்தெழுந்தார் என்று நம்பி, அவரை ஆண்டவராக ஏற்றுக்கொள்வதே மனந்திரும்புதல். இரட்சிப்பு கிருபையினால் வரும் ஈவு என்று அப்போஸ்தலனாகிய பவுல் எபேசு சபையாருக்கு எழுதுகிறார். ஆதலால் எத்தனை மணி நேரம் அழுதோம் என்பது இங்கே அளவுகோல் ஆகாது. எம்மாவு என்னும் ஊருக்குப் போன இரு சீஷர்கள் உயிர்த்தெழுந்த இயேசுவோடு வழிநெடுக நடந்தும் அவரை அறியவில்லை. அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண்கள் திறக்கப்பட்டன, வழியில் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்ததும் அதன் பிறகே அவர்களுக்கு விளங்கிற்று. உங்களுக்கும் உணர்ச்சி பிந்தி வரலாம்.

இயேசு தன் வீட்டில் தங்க வந்தபோது, அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வரிவசூலிப்பவனான சகேயு சொன்னான். நீங்களும் திருப்பித் தரவேண்டியது ஏதேனும் இருந்தால், அதை இந்த வாரமே தொடங்குங்கள்.

தனியே நடக்க முயலவேண்டாம். இயேசு உயிர்த்தெழுந்ததைச் சந்தேகித்த சீஷன் தோமாவும் மற்றச் சீஷர்களோடு கூடியிருந்தபோதுதான், எட்டு நாளைக்குப்பின் ஆண்டவரைக் கண்டான். வேதத்தைத் திறந்து பேசுகிற, கேள்விகளுக்கு முகம் சுளிக்காத ஒரு சபையைத் தேடி, ஞானஸ்நானம் பற்றி அங்குள்ள போதகரிடம் கேளுங்கள். ஜெபிப்பதற்குப் பணம் கேட்பவரையும், மருந்தை நிறுத்தச் சொல்பவரையும் விட்டு விலகுங்கள். பவுலோடு ஊழியம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். துயரம் மனச்சோர்வாக முற்றியிருந்தால் மருத்துவரிடம் போவது அவிசுவாசம் ஆகாது.

மாற்குவை முடித்த நாளில் அந்தத் தாளை மீண்டும் எடுங்கள். முன்பு எழுதிய வரி மாறியிருந்தால், அதன் கீழே தேதியிட்டுப் புதிய வரியை எழுதிவிட்டு, யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைத் தொடங்குங்கள்.