மலைச் சாலையில் சைக்கிள்: முந்தின இரவே செய்துவிடும் தவறுகள்

மேடும் இறக்கமுமான கிராமப்புறச் சாலைகளில் நாள் முழுக்க சைக்கிள் ஓட்டக் கிளம்பி, பாதி வழியில் துவண்டு உட்கார்ந்துவிடுபவர்கள் உண்டு. கேட்டால் காலில் பலம் போதவில்லை என்பார்கள். நான் பார்த்தவரை பலம் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கிறது. முந்தின இரவு வரைபடத்தில் பாதையைக் குறிக்கும்போதுதான் எங்கோ பிசகியிருக்கிறது.

முதல் பிசகு, தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடுவது. சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் போகிறவர், 80 கிலோமீட்டர் என்றதும் மூன்றேகால் மணி நேரம் என்று முடிவு கட்டிவிடுகிறார். அந்த 80-க்குள் மொத்தம் 1,600 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருந்தால்? ஓரளவு பழகியவர் மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறுவார் என்று வைத்துக்கொள்வோம். ஏறுவதற்கு மட்டுமே 2 மணி 40 நிமிடம் ஆகும். சராசரி 6 சதவீதச் சரிவு (100 மீட்டர் போனால் 6 மீட்டர் உயரம்) என்றால், ஏற்றம் சுமார் 27 கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளும். மீதி 53 கிலோமீட்டருக்கு இன்னும் இரண்டு மணி நேரம். தண்ணீர் நிரப்ப, மூச்சு வாங்க நிற்பதையும் சேர்த்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது.

"இறக்கத்தில் பிடித்துவிடலாம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 10 கிலோமீட்டர் ஏற்றம் மணிக்கு 10 வேகத்தில். அதே 10 கிலோமீட்டர் இறக்கம் மணிக்கு 40 வேகத்தில். போக ஒரு மணி நேரம், வரக் கால் மணி நேரம். 20 கிலோமீட்டருக்கு 75 நிமிடம், அதாவது சராசரி மணிக்கு 16 தான். ஏற்றத்தில் செலவான நேரத்தை எந்த இறக்கமும் திருப்பித் தராது.

சராசரிச் சரிவை நம்புவது

இரண்டாவது பிசகு இதைவிட ஆபத்தானது. "சராசரி 7 சதவீதம்" என்ற எண் எதையும் சொல்வதில்லை. பிரான்சின் மோன் வான்டூ மலையைப் பெடுவான் ஊர்ப் பக்கமிருந்து ஏறினால் ஏறக்குறைய 21 கிலோமீட்டர், சராசரி 7.5 சதவீதம். ஆனால் முதல் ஐந்து கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே மெதுவாகத்தான் ஏறும். காட்டுக்குள் நுழைந்த பிறகு பத்து கிலோமீட்டர் அளவுக்கு 9 சதவீதத்தை ஒட்டியே சாலை நிற்கும். இளைப்பாற ஒரு சமதளம் கிடைக்காது. தொடக்கத்து மென்மையைப் பார்த்து வேகமாகக் கிளம்பியவர் காட்டுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். ஸ்பெயினின் ஆங்லிரு மலையில் சராசரி 10 சதவீதம்; உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடத்தில் 23-ஐத் தாண்டும். ஆகவே பாதையின் உயர வரைபடத்தைப் பெரிதாக்கி, கிலோமீட்டர் கிலோமீட்டராகப் பாருங்கள். மிகச் செங்குத்தான ஒரு கிலோமீட்டர் எது, அது எத்தனையாவது மணி நேரத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்வதே முக்கியம்.

பேர் பெற்ற மலைகளுக்காவது நாம் மனதளவில் தயாராகிறோம். பேரில்லாத மேடுகள்தான் ஆளைச் சாய்க்கும். 40 மீட்டர் உயரமுள்ள ஒரு மேட்டை யாரும் மலை என்று சொல்வதில்லை. அப்படி முப்பது மேடு ஏறி இறங்கினால் 1,200 மீட்டர். ஒவ்வொன்றையும் எழுந்து நின்று மிதித்துத் தாண்டுகிறவர், முப்பது முறை ஓடிக் களைத்தவர் போல ஆகிவிடுவார். இதை முன்கூட்டியே கண்டுகொள்ள எளிய வழி உண்டு. ஓடையை ஒட்டியே போகும் சாலை, நீர் வரும் திசையை நோக்கி மெல்ல ஏறும். ஓடைகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும் சாலையோ ரம்பப் பல்லாக இருக்கும். வரைபடத்தில் நீலக் கோடுகளைச் சாலை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணினாலே பாதி புரிந்துவிடும்.

செயலி காட்டும் மொத்த ஏற்றத்தையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். பல செயலிகளுக்கு அடிப்படையாக இருக்கும் உயரத் தரவு, 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளக்கப்பட்டது. சுமார் 30 மீட்டர் இடைவெளிக்கு ஓர் உயரப் புள்ளி. பாறையைக் குடைந்த சாலையில் அந்தப் புள்ளி மேலேயுள்ள பாறை மீது விழுந்துவிடலாம்; பாலத்தில் கீழேயுள்ள பள்ளத்தின் உயரத்தைக் காட்டலாம். இல்லாத ஏற்றம் தோன்றுவதும், ஒரே பாதைக்கு இரண்டு செயலிகள் இரண்டு எண் சொல்வதும் இதனால்தான்.

சுற்றுப்பாதையை எந்தப் பக்கமாகச் சுற்றுவது

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. எனக்கோ இதுதான் பாதை வகுப்பதின் உயிர்நாடி. செங்குத்தான பக்கமாக ஏறி, சாய்வான பக்கமாக இறங்குங்கள். ஏறுபவர் மணிக்கு 7 கிலோமீட்டரில் போகிறார். குழி இருந்தால் சுற்றிப் போவார், முடியாவிட்டால் இறங்கி நடப்பார். அதே குறுகலான, உடைந்த சாலையில் இறங்குபவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. கடினமான ஏற்றத்தை முதல் பாதியிலேயே முடித்துவிடுவதும் நல்லது. வழியில் எங்கிருந்து சீக்கிரம் திரும்பலாம் என்று இரண்டு இடங்களையாவது குறித்து வையுங்கள்.

குறுக்கு வழி தேடும் செயலிகள் சில நேரம் வயல் வண்டிப் பாதையையும் சாலை என்றே காட்டும். சந்தேகமான துண்டுகளைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிடுவது ஐந்து நிமிட வேலை. பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும்; வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

கியர் விஷயத்தில் மானம் பார்ப்பது

80 கிலோ (ஆள், சைக்கிள் இரண்டும் சேர்த்து) 10 சதவீதச் சரிவில் ஏறுகிறது என்று கொள்வோம். முன் பல்சக்கரத்தில் 39 பல், பின் பல்சக்கரத்தில் 25 பல் என்றால், நிமிடத்துக்கு 60 முறை மிதிக்க வேகம் மணிக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் இருந்தாக வேண்டும். புவியீர்ப்புக்கு மட்டுமே 250 வாட்டுக்கு மேல் போகும். முன்னால் 34, பின்னால் 34 என்றால் அதே 60 சுற்றுக்கு மணிக்கு ஏழரை கிலோமீட்டர் போதும். 165 வாட் அளவில் முடிந்துவிடும். முதலாவதை அரை மணி நேரம் தாங்கக்கூடிய சாதாரண ஓட்டுநர்கள் சிலரே. இரண்டாவதைப் பயிற்சியுள்ள பலரும் தாங்குவார்கள். சின்ன கியர் பலவீனர்களுக்கானது என்ற எண்ணம் மிகப் பழையது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிக் கியர் மாற்றும் கருவியை (டிரெய்லியர்) 1937-இல்தான் அனுமதித்தார்கள். அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, அதன் மறுபக்கத்துப் பல்சக்கரத்தில் செயின் ஓடும்படி திருப்பி மாட்டினார்கள். இன்றைய பந்தய வீரர்களே செங்குத்தான மலைகளுக்குப் பெரிய பின் பல்சக்கரம் மாட்டி, சின்ன கியரில் ஏறுகிறார்கள். நம் முழங்காலை நாம் ஏன் வதைக்க வேண்டும்?

கியரை மேடு தொடங்கும் முன்பே மாற்றுங்கள். முழு அழுத்தத்தோடு மிதித்துக்கொண்டே முன் பல்சக்கரத்தை மாற்றினால் செயின் கழன்றுவிடும், அதுவும் வேகமே இல்லாத இடத்தில்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: பசித்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, முதல் மணி நேரத்திலிருந்தே.

இறக்கம் ஓய்வு என்று நினைப்பது

மற்ற தவறுகளுக்குச் சோர்வோடு போய்விடும். இதற்கு எலும்பு முறியும். வேகம் இரட்டிப்பானால் நிற்கத் தேவையான பிரேக் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 25-இல் பழகிய கை 50-இல் அதே தூரத்தை எதிர்பார்க்கும். 80 கிலோ 300 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல், முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும்; பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் மீதி முழுதும் ரிம்மிலோ டிஸ்க்கிலோ இறங்கும். நேரான இடத்தில் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டு ஆற விடுங்கள்.

வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே பிரேக் வேலை முடிந்திருக்க வேண்டும். வெளிப்பக்கக் கால் கீழே, எடை அதன் மேல், பார்வை வளைவு முடியும் இடத்தில். முன்னே இருக்கும் குழியையே உற்றுப் பார்த்தால் சைக்கிள் அங்கேயே போகும். ஒரு கொண்டை ஊசி வளைவில் அப்படிச் சரளைக் கல்லையே பார்த்துக்கொண்டு போய் விழுந்திருக்கிறேன். தோள் தேற ஆறு வாரம் ஆனது. மர நிழல் விழும் வளைவுகளில் ஈரமும் இலையும் காயாமல் கிடக்கும். வயல்களை ஒட்டிய சாலையில் டிராக்டர் சக்கரம் உதிர்த்த சேறு இருக்கும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் சரியான வேகம், ஏனென்றால் அடுத்த திருப்பத்தில் ஓர் ஆட்டு மந்தை நிற்கலாம்.

உச்சியில் நிற்கும்போது உடம்பு கொதிக்கும். மேல்சட்டை வேண்டாம் என்று தோன்றும். 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. வியர்வையில் நனைந்த துணியில் இறக்கத்துக் காற்று பட்டால், சில நிமிடங்களில் விரல் மரத்து பிரேக் பிடி நழுவும். அந்தக் காலப் பந்தய வீரர்கள் உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்கியது இதற்காகவே. கைக்குட்டை அளவுக்கு மடியும் ஒரு காற்றுத்தடுப்புச் சட்டை பின்பையில் இருக்கட்டும். இறங்கத் தொடங்கும் முன்பே, நின்ற இடத்திலேயே அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.