கனடா பிஆர்: மதிப்பெண் வந்துவிட்டது, தாள் இருக்கிறதா?

கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு (பிஆர்) வழிவிடும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி இணைய முறையில் ப்ரொஃபைல் போட்டதும், போட்டியாளர்களைத் தரவரிசைப்படுத்தும் சிஆர்எஸ் மதிப்பெண் ஒன்று வரும். நீங்கள் நிரப்பியதை அப்படியே நம்பிக் கணினி போட்ட கணக்கு அது. அந்தக் கட்டத்தில் யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை. விண்ணப்பிக்க அழைப்பு வந்த பின்புதான், 60 நாட்களுக்குள், ஒவ்வொரு புள்ளிக்கும் தாள் காட்டச் சொல்வார்கள். பலர் வழுக்குவது அங்கேதான்.

முதல் சிக்கல் வேலை அனுபவக் கடிதம். நம் ஐடி கம்பெனிகள் தரும் ரிலீவிங் லெட்டரில் பதவியும் தேதிகளும் மட்டுமே இருக்கும். கனடாவுக்கு அது போதாது. என்னென்ன வேலை செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த என்ஓசி எண்ணோடு (கனடாவின் வேலை வகைப்பாட்டு எண்) அந்த வேலைகள் பொருந்த வேண்டும். விசிட்டிங் கார்டில் 'சீனியர் கன்சல்டன்ட்' என்றிருந்தாலும், நாள் முழுக்கக் கோட் எழுதியவர் அங்கே டெவலப்பர்தான். அதற்காக என்ஓசி தளத்தில் உள்ள வரிகளை அப்படியே காப்பியடித்துக் கையெழுத்து வாங்காதீர்கள். பார்த்ததுமே சந்தேகம் வரும். எச்ஆர் கைவிரித்தால் மேலாளரிடம் கடிதம் வாங்குங்கள். அதோடு ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, படிவம் 16 ஆகியவற்றைச் சேர்த்து, கம்பெனிக் கடிதம் ஏன் கிடைக்கவில்லை என்ற விளக்கத்தையும் வையுங்கள். அழைப்பு வரட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருந்தால், பழைய மேலாளரைத் தேடிப் பிடிக்கவே அந்த 60 நாளில் பாதி போய்விடும்.

அடுத்தது ஆங்கிலத் தேர்வு. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுதிவிட்டு வந்து நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேவை ஜெனரல் டிரெய்னிங். பிடிஇ என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வு என்றால், அதில் 'கோர்' வகை. ஐஇஎல்டிஎஸ்ஸில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 எடுத்தால், கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சிஎல்பியில் 9. அந்தப் படியைத் தொட்டால் படிப்புக்கும் அனுபவத்துக்கும் சேர்த்துக் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். ஒரே பிரிவில் 6.5 வாங்கிவிட்டுப் 'போதும்' என்று விடுவது, என் பார்வையில், வீண் நஷ்டம். 29 வயதைத் தாண்டியவருக்கு ஒவ்வொரு பிறந்தநாளிலும் புள்ளி குறைகிறது. அதை ஈடுகட்ட இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

குடியேறியதும் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டுவதில் ஒரு பழக்கம் உண்டு: கடைசி வாரத்தில் மாமாவிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போடுவது. கடன் பணம் செல்லாது. ஆறு மாதச் சராசரி இருப்பையும் வங்கிக் கடிதத்தில் கேட்பார்கள். வீடு, நிலத்தின் மதிப்பும் கணக்கில் வராது.

முன்பு அமெரிக்க விசா மறுக்கப்பட்டிருக்கிறதா? மறைக்காதீர்கள். எந்த நாடு மறுத்திருந்தாலும் படிவத்தில் சொல்ல வேண்டும். மறுப்பு பெரிய குற்றமில்லை. மறைத்தது தெரிந்தால் தவறான தகவல் தந்ததாக ஐந்து ஆண்டுத் தடை வரலாம்.

கடைசியாக ஏஜென்ட் விஷயம். 'கனடா கம்பெனியிடமிருந்து வேலைக்கான ஆஃபர் லெட்டர் வாங்கித் தருகிறேன், 50 புள்ளி கூடும்' என்று யாராவது இன்னும் விலை பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை வாய்ப்புக்கான சிஆர்எஸ் புள்ளிகள் 2025 மார்ச் 25 அன்றே நீக்கப்பட்டுவிட்டன. காசு வாங்கி ஆலோசனை சொல்பவர் கனடாவில் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஆலோசகர்களின் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் பெயரைத் தட்டிப் பாருங்கள்.